தார்ப்பாய் தைத்த கன்விக்ட்

என் லாரி ஷெட்டில் ‘திருடன்’ என்ற சொல்லை யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. சொன்ன மறு நொடி தார்ப்பாய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

“எந்தத் திருடன்? தெரிஞ்சு சொல்லு.”

“திருடன்னா திருடன்தான் பெருசு. அதுல என்ன எந்த?”

“பூட்ட ஒடச்சு உள்ள போனானா, பஸ்ல ஒருத்தன் பையில கைய விட்டானா, வச்சிருடான்னு குடுத்தத வித்துத் தின்னானா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பேரு இருக்கு. ஒருத்தன் சட்டைய எடுத்து இன்னொருத்தனுக்கு மாட்டாத.”

டிரைவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். கோணி ஊசியைத் தார்ப்பாயில் குத்தி, உள்ளங்கையில் கட்டிய தோல் பட்டையால் ஒரு தள்ளு தள்ளி, நூலை முழங்கை வரை இழுப்பார். கண்ணாடியின் ஒரு காது உடைந்து போய் அந்தப் பக்கம் மட்டும் தையல் நூலால் கட்டியிருக்கும். ஒல்லியான ஆள். உட்கார்ந்திருந்தால் தார்ப்பாய் எது, அவர் எது என்று சட்டென்று தெரியாது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துபோய் அல்ல. என்னிடம் ஓடிய பதினோரு லாரிகளின் நம்பரும் இன்றைக்கும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரு மனிதர் பெயரையா மறப்பேன்? அவருடைய பேத்திகள் இந்தப் பக்கத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். ஒரு சொல் ஒரு குடும்பத்துக்குப் பின்னால் எவ்வளவு தூரம் நடந்து வரும் என்பதை எனக்குச் சொன்னவரே அவர்தான். அதனால் பெயர் வேண்டாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சரியாகச் சொல்வதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் கல் தூக்கியவன். லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, டிரைவராகி, ஒரு பழைய லாரிக்கு ஓனராகி, பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் சொந்த ஷெட் போட்டவன். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் சொந்தமாக சைக்கிள் வைத்திருந்தவர்கூடக் கிடையாது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் இஞ்சினியர்கள். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு கோடை மழையில் சிமெண்டு லோடு ஒன்று நனைந்து கல்லாகிவிட்டது. தார்ப்பாயில் ஓட்டை. அப்போது ஒரு டிரைவர்தான் இவரைக் கூட்டி வந்தான். கிழிந்த தார்ப்பாயை விரித்துப் போட்டேன். மடித்து, மடிப்புக்கு மேல் இன்னொரு மடிப்பு வைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். நான் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றி, கீழே கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

“எங்க கத்துக்கிட்டீங்க பெரியவரே?”

“ஜெயில்லங்க. தையல் கூடத்துல போட்டிருந்தாங்க. முன்னாடியே சொல்லிடறேன் முதலாளி. பின்னாடி எவனாச்சும் வந்து சொல்லி, நீங்க ஏமாந்ததா நெனைக்கக் கூடாது. நான் கன்விக்ட். ஏழு வருஷம் முடிச்சு ரிலீஸ் ஆனவன்.”

“கொலையா?”

“அந்த அளவுக்கு இல்லீங்க.”

“திருட்டா?”

“நான் செஞ்சது அந்த அளவுக்கும் இல்லீங்க. ஆனா பேரு பெருசாப் போட்டுட்டாங்க.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆளைப் பார்த்து எடுப்பதில் எனக்கு நிகர் நான்தான். நாளைக்கே வரச் சொல்லிவிட்டேன்.

ஜெயிலுக்குள்ளே அவருக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராம். கையாடல் கேஸ். நிறையப் படித்தவர். பொழுது போகாமல் தினம் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து, அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று விளக்குவாராம். “அந்த மனுசன் சங்கத்துப் பணத்துல கைய வச்சாரே தவிர, சொல்லிக் குடுக்கறதுல ஒண்ணையும் எடுத்து ஒளிச்சு வைக்கல” என்பார் இவர். ஏழு வருஷம் கழித்து வெளியே வரும்போது இவரிடம் இருந்த சொத்து தையலும் அந்த வார்த்தைகளும்தான்.

எங்கள் சின்னவன் அப்போது துறுதுறுவென்று இருப்பான். என் மனைவி அவனைக் கேடிப்பயலே என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அப்படிக் கூப்பிட, இவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“தங்கச்சி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. கேடின்னா அது தமிழ் வார்த்த இல்லம்மா. ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. கே, டி. நோன் டெப்ரடேட்டர். திருட்டே தொழிலுன்னு போலீஸுக்குத் தெரிஞ்ச ஆளு. ஸ்டேஷன் செவுத்துல போட்டோ மாட்டி அதுக்குக் கீழ எழுதற எழுத்து அது.”

“ஐயய்யோ. நான் செல்லமால்ல சொன்னேன் அண்ணே.”

“செல்லத்துக்கு ஆயிரம் பேரு இருக்கே. அது எதுக்கு புள்ளைக்கு?”

அன்றோடு அவள் விட்டாள். பிறகு தெருவில் வேறு யாராவது தங்கள் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால், இவள் நின்று கே, டி என்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

என்னையும் விட்டதில்லை. அரியலூர் சிமெண்டு ஆலை வாசலில் லோடுக்கு லாரிகள் வரிசையில் நிற்கும். ஓனர்கள் நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து கதை பேசுவோம். எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் நான் இன்னொரு பக்கம் போய் லோடு பிடித்துவிடுவேன். “அண்ணனுக்குக் கிரிமினல் மூளைய்யா” என்பார்கள். எனக்கு அது பெரிய மெடல் மாதிரி இருக்கும். ஷெட்டுக்கு வந்து அதைச் சொன்னேன்.

“அந்த வார்த்தைய தமாஷுக்குக்கூட தலையில வச்சுக்காதீங்க முதலாளி. கெட்டிக்காரர்னு சொல்லச் சொல்லுங்க. அது போதாதா?”

“கெட்டிக்காரன்னு சொன்னா எவன்யா பயப்படுவான்?”

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போது ஒரு தடவைதான்.

ஒரு டிரைவர் வழியில் டீசல் விற்றுவிட்டான். கையும் களவுமாகப் பிடித்தேன். திருட்டு நாயே என்று நான் கையை ஓங்க, மூலையிலிருந்து குரல் வந்தது.

“முதலாளி, இது தெஃப்ட் இல்லீங்க.”

“பின்ன என்னய்யா, தான தர்மமா?”

“வண்டியையும் டீசலையும் நீங்களா நம்பி அவன் கையில ஒப்படைச்சீங்க. ஒப்படைச்ச பொருள வித்தா அதுக்குப் பேரு பிரீச் ஆஃப் டிரஸ்ட். நம்பிக்கை மோசம்.”

டிரைவருக்கு முகம் தெளிந்தது. தனக்கு ஆதரவாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டான். “கேளுங்க முதலாளி, பெருசே சொல்லுது, திருட்டு இல்லையாம்” என்றான்.

“தெஃப்ட்டுக்கு மூணு வருஷம் தம்பி. இதுக்கு ஏழு.”

அவன் அப்படியே என் காலில் விழுந்துவிட்டான். பிறகு ஒரு சொட்டு டீசல் குறைந்ததில்லை. என் மகளின் கல்யாணம் வரை என்னிடம்தான் வண்டி ஓட்டினான்.

டீக்கடையில் பேப்பர் படிக்கும்போதும் இதே வேலைதான். கோர்ட்டுக்கு வராத ஒருவனைப் பற்றி ஒருவர் “ஆளு அப்ஸ்காண்டிங்” என்று படித்தால், இவர் “வேலைக்குத் திருப்பூர் போயிருக்கான், வாரம் ஒருக்கா பொண்டாட்டிக்குப் போன் பண்றான், ஒளிஞ்சா இருக்கான்? இவன் எப்படிய்யா அப்ஸ்காண்டிங்?” என்பார். கோர்ட்டில் தீர்ப்பு வராதவனைக் குற்றவாளி என்று சொன்னால் விடமாட்டார். “அக்யூஸ்டு. இன்னிக்கு அக்யூஸ்டு. நாளைக்கு என்னன்னு ஜட்ஜு சொல்லட்டும். அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்? பஸ்ஸ விட்டுடுவியா?”

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவில் அவர் நடக்கவே மாட்டார். காய்கறி மார்க்கெட்டுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு வருவார். கேட்டால், “அந்த வாசல மறுபடி மிதிக்கறதில்லன்னு வெளிய வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேங்க” என்பார்.

இரண்டாயிரமாவது வருஷம், நல்ல சித்திரை வெயில். என் லாரி ஒன்று அரியலூரிலிருந்து ஆத்தூருக்கு சிமெண்டு ஏற்றிப் போனது. கொஞ்சம் அதிக லோடு. சோதனையில் மாட்டாமலிருக்க டிரைவர் மெயின் ரோட்டை விட்டு, வேப்பந்தட்டை தாண்டி ஓர் ஊருக்குள் புகுந்து போயிருக்கிறான். அந்த ஊர் நான் பிறந்த ஊர். தெருவைக் கடக்கும் குடிதண்ணீர்க் குழாய் டயருக்குக் கீழே நொறுங்கிவிட்டது. டிரைவர் நிற்கவில்லை. என்னிடம் சொல்லவுமில்லை. மூன்று நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லை. நான்காம் நாள் அதே லாரி அதே வழியில் வந்தபோது, கட்டிலைக் குறுக்கே போட்டு மறித்திருக்கிறார்கள். டிரைவரை இறக்கி இரண்டு அறை. தார்ப்பாய்க் கயிற்றை அறுத்து, நாற்பது மூட்டை சிமெண்டை இறக்கி ரேஷன் கடை வராந்தாவில் அடுக்கிவிட்டு, ஓனரை வரச் சொல் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் போயிருப்பேன். ஆனால் டிரைவர் வந்து சொன்னான்: “உங்க அப்பாரு அந்த ஊர் வயல்ல கூலிக்கு நின்னவராம். மவன் லாரி வாங்கிட்டா ஊரு மேலயே ஏத்துவானான்னு கேட்டானுவ முதலாளி.”

யார் கேட்டது? என் அப்பாவோடு அதே வயலில் கூலிக்கு நின்றவர்களின் பிள்ளைகள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. டவுனில் மனு எழுதுபவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து புகார் எழுத வைத்தேன்.

டிரைவருக்கு அடையாளம் தெரிந்தது மூன்று பேர். நான் ஆறாக்கினேன். எங்கள் பக்கத்தில் புகார் என்றால் அப்படித்தான். அடித்தவனோடு நிறுத்தினால் அது புகாரே இல்லை. அவன் அண்ணன், தம்பி, மச்சான் எல்லோரையும் சேர்த்தால்தான் எதிராளி வழிக்கு வருவான். அடித்தவனின் அண்ணன் தம்பி இரண்டு பேரைச் சேர்த்தேன். ஆறாவதாக ஒரு பையனைச் சேர்த்தேன். அவன் அப்பனுக்கும் என் அப்பாவுக்கும் ஒரு காலத்தில் பேச்சுவார்த்தை இல்லை. அவ்வளவுதான் காரணம்.

மனுவோடு ஷெட்டுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தனை பேரு எழுதியிருக்கீங்க முதலாளி?” என்றார் அவர்.

“ஆறு.” பெயர்களையும் சொன்னேன்.

ஊசி நின்றது. “அடிச்சு எறக்குனது?”

“மூணு பேருன்னு சொல்றான்.”

“அப்ப மூணுன்னே எழுதுங்களேன்.”

“உங்களுக்கு என்ன பெரியவரே அதுல?”

“அடிச்சுப் புடுங்குனா ராபரிங்க. நாலு பேரு வரைக்கும் ராபரி. அஞ்சு பேரு ஆயிட்டா டக்காய்ட்டி. கொள்ளைக் கூட்டம். பொருளு அதேதான், அடியும் அதேதான். தலை எண்ணிக்கை ஏறுனா வார்த்த மாறிடும். வார்த்த மாறுனா வருஷமும் மாறிடும். ஆயுசு வரைக்கும் போகும்.”

இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

“அப்படியா? அப்ப ஆறே இருக்கட்டும். ஆடிப் போகட்டும் பசங்க.”

“அந்த ஆறாவது பையன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கானாம். அந்த ஊர்ப் பக்கத்து டிரைவர் ஒருத்தன் சொன்னான். கெடச்சதும் லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருத்தர் சவுதிக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காராம். இந்தப் பேப்பர்ல பேரு ஏறுச்சுன்னா அது கெடைக்குமா?”

“விசாரிக்கட்டுமே. அங்க இல்லேன்னா விட்டுடப் போறாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவரை நான் கேட்காத, அவரும் சொல்லாத கதையை அப்போது சொன்னார்.

“நான் அஞ்சாவது ஆளுங்க. நாலு பேரு ஒரு வூட்டுக்குள்ள போனாங்க. என்னைய தெரு முனையில சைக்கிள புடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு தெரிஞ்சுதான் நின்னேன், தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். உள்ள ஒருத்தன் வூட்டுக்காரர அடிச்சிட்டான். கோர்ட்டுல எண்ணுனாங்க. அஞ்சு. நான் இல்லேன்னா அது நாலுங்க. என்னால அவனுவளுக்கும் வார்த்த மாறுச்சு, அவனுவளால எனக்கும் மாறுச்சு. ஏழு வருஷம் போனது போவட்டும். என் தம்பி டீக்கடை வச்சான். டக்காய்ட்டு தம்பி கடைன்னு சொல்லி ஒருத்தன் வந்து குடிக்கல. என் பொண்ணப் பாக்க வந்தவங்க வாசலோட திரும்பிப் போனாங்க. அவ என்ன சைக்கிளா புடிச்சா?”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் எழுதிய மனுவைத் திருத்துவது என்றால் தோற்றுப்போவது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை. மனுவை மடித்துப் பையில் வைத்து, மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

“நானும் வரேங்க” என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். நான் உள்ளே போனேன். அவர் வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டார். என்னைத் தெரியாத அதிகாரி அந்த வட்டாரத்தில் கிடையாது; சப் இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். மனுவைப் படித்தார்.

“ஆறு பேரா? நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கம்பு, கத்தி எதாச்சும் வச்சிருந்தானுவளா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பார்வை வாசலுக்குப் போனது. “அது யாரு? யோவ், உள்ள வா.”

பெரியவர் படியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷெட்டில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“ரிலீஸ்டு கன்விக்ட் சார். செக்‌ஷன் த்ரீ நைன்ட்டி ஃபைவ். டக்காய்ட்டி.”

சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஓஹோ. என்ன ஓனர் சார், இந்த ஆள ஷெட்டுலயே வச்சுக்கிட்டு ஊர்க்காரன் மேல புகார் குடுக்கறீங்க? லாரி எந்த வழியா, எந்த நேரத்துக்கு வரும்னு அவனுவளுக்கு எப்படித் தெரியும்? யாரு சொல்லியிருப்பா? ரைட்டர், இவர் பேரையும் சேத்துக்க. ஏழாவதா போடு.”

எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு துண்டுக் காகிதத்தை எடுத்தார். “பேரு?”

பெரியவர் சொன்னார்.

“அப்பா பேரு?”

சொன்னார். அந்தக் குரல் எனக்குப் புதிது. ஷெட்டில் எங்களோடு மல்லுக்கு நிற்கும் குரல் இல்லை. வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்கிற குரல். பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“சார், சார். இவரு அன்னிக்கு முழுக்க ஷெட்டுல தச்சுக்கிட்டு இருந்தாரு. நானே பாத்தேன்.”

“இருக்கட்டுங்க. விசாரிப்போம். இல்லேன்னா விட்டுடப் போறோம்.”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பேச்சு. நான் சொன்னபோது எவ்வளவு நியாயமாக இருந்தது. இப்போது அந்த ஏட்டின் பேனா நுனியைப் பார்க்கையில் எனக்குப் பயமாக இருந்தது. நான் பிரேக் இல்லாத லாரியைப் பச்சைமலைச் சரிவில் இறக்கியவன். அன்றைக்கும் அப்படிப் பயப்படவில்லை.

எழுந்து, மேஜை மேலிருந்த மனுவை எடுத்துக்கொண்டேன்.

“என்னங்க?”

“கூட எழுதிட்டேன் சார்.”

“என்னது?”

“அங்க இல்லாதவன் பேரெல்லாம் எழுதிட்டேன். புகார் வேணாம். நான் ஊர்லயே போய்ப் பேசிக்கிறேன்.”

சப் இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்க இஷ்டம். எனக்கு ஒரு கேஸ் கொறைச்சல்” என்றார். மனு என் கைக்கு வந்துவிட்டது. ஏட்டு எழுதிய துண்டுக் காகிதம் மட்டும் அவர் மேஜையிலேயே இருந்தது. அதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நானும் அந்தப் பதற்றத்தில் கேட்கவில்லை.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது எனக்குக் கோபம். “உங்கள யாரு அந்த வார்த்தைய சொல்லச் சொன்னது? ஷெட்டுல வேலைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“போலீஸு எப்பவும் தெரிஞ்ச பேரத்தான் மொதல்ல எழுதும் முதலாளி. இல்லாதவன் பேர எழுதறப்ப பாக்க எப்படி இருக்கும்னு நீங்க ஒரு தடவ பாத்தா நல்லதுன்னு பட்டுச்சு.”

மறுநாளே ஊருக்குப் போனேன். பெண்கள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் என்னைப் பத்து நிமிஷம் ஏசினார்கள். நின்று கேட்டுக்கொண்டேன். மூட்டைகள் ரேஷன் கடை வராந்தாவில், மேலே பிளாஸ்டிக் விரிப்போடு, ஒன்று குறையாமல் இருந்தன. ஆள் விட்டுக் குழாயை இரும்புக் குழாயாகவே போட்டுக் கொடுத்தேன். பத்து மூட்டையைத் தண்ணீர்த் தொட்டி மேடைக்கு விட்டுவிட்டு மிச்சத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்த மேடையில் என் பெயர் போட வேண்டும் என்று சொன்னேன், போட்டார்கள். அந்த ஆறாவது பையனுக்குப் பாஸ்போர்ட் வந்தது. சவுதி போனான், மாடி வீடு கட்டினான். அவன் பெயர் ஒரு தாளில் அரை நாள் இருந்தது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் அந்தத் துண்டுக் காகிதம் சும்மா இருக்கவில்லை. அதை வைத்துப் பழைய கேஸைத் தோண்டி எடுத்து, அவர் பேரில் ஹிஸ்டரி ஷீட், அதாவது போலீஸ் கண்காணிப்புத் தாள், திறந்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தச் சுற்று வட்டாரத்தில் எது காணாமல் போனாலும் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் ஷெட்டுக்கு வருவார். “பெருசு, ஐயா கூப்பிடறாரு.” இவர் நூலை அறுத்து முடிச்சுப் போட்டுவிட்டுக் கிளம்புவார். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து அனுப்புவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும்.

முதல் தடவை போனபோதே நானும் கூடப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது லாரிக்கு ஓனர் பெஞ்சில் உட்கார்ந்தால் அவர்களுக்கு உறுத்துமல்லவா? உறுத்தியது. அடி, திட்டு எதுவும் கிடையாது. டீகூட வரும். இவர் அங்கேயும் சும்மா இருக்க மாட்டார்.

“என்ன கேசுங்க சார், தெஃப்ட்டா, ஹவுஸ் பிரேக்கிங்கா?”

“செவுரு ஏறிக் குதிச்சிருக்கான்யா.”

“எனக்கு அறுபத்தஞ்சு ஆவுது சார். படி ஏறுனாலே முட்டி புடிக்குது. நோட் பண்ணிக்குங்க.”

ஏட்டுகளே சிரித்துவிடுவார்கள். ஒரு நாள் வெளியே நின்ற ஜீப்பின் மேல்துணி கிழிந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறார். அடுத்த தடவை கூப்பிட்டபோது கோணி ஊசியும் நூலுமாகப் போய், பெஞ்சில் உட்காருவதற்குப் பதிலாக ஜீப் மேல் ஏறித் தைத்துக்கொண்டிருந்தார். சந்தேகத்தின் பேரில் கொண்டுவந்த ஆள் எங்கே என்று கேட்ட புது இன்ஸ்பெக்டருக்கு மேலே கை காட்டினார்கள்.

“கோவமே வராதா அண்ணே உங்களுக்கு?” என்று என் மனைவி கேட்டாள்.

“எதுக்கும்மா? சஸ்பெக்ட்னுதானே கூப்பிடறாங்க. சந்தேகப்படறாங்க, அதனால சஸ்பெக்ட். அந்த வார்த்த சரியாத்தான் இருக்கு.”

அவருக்குச் சரி. எனக்குச் சரியில்லை. இத்தனை பேரைத் தெரிந்து வைத்திருந்தும் என்னால் அந்த ஷீட்டை மூட வைக்க முடியவில்லை. மேலதிகாரி வரை போய்ப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார்கள். ஆறு வருஷம் பார்த்தார்கள்.

இரண்டாயிரத்தாறில், செட்டிகுளத்தில் மகள் வீட்டுக்குப் போனவர் காய்ச்சலில் படுத்தார். நான்காம் நாள் போய்விட்டார். நான் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். தார்ப்பாய் மூலையில் வேறு ஆளை உட்கார வைக்க மனசு வராமல் இருந்த நேரம், இரண்டு மாதம் இருக்கும், கான்ஸ்டபிள் சைக்கிளை நிறுத்தினார்.

“பெருசு எங்கங்க?”

“செத்துட்டாருங்க.”

அவர் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுஷன்தான். “அடடா” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “டெத் சர்டிபிகேட் ஒண்ணு வேணுங்களே. இல்லேன்னா ஷீட்டு தொறந்தே கெடக்கும். மறுபடி யாராச்சும் தேடிக்கிட்டு அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போயி நிப்பாங்க” என்றார்.

செட்டிகுளத்துக்கு நானே போய் வாங்கினேன். ஸ்டேஷனுக்கும் நானே எடுத்துப் போனேன். எழுத்து வேலையில் இப்போது ஓர் இளம் ஏட்டு. பீரோவைத் திறந்து ஷீட்டை எடுத்தார். மேலே அவர் போட்டோ. நூல் கட்டிய அதே கண்ணாடி. கீழே வரி வரியாக இங்கிலீஷ்.

“படிங்க சார்” என்றேன்.

“எதுக்குங்க?”

“எல்லா வரியும் படிச்சு, என்னன்னு சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது.”

அவர் பொறுமையாகப் படித்தார். கன்விக்டட், டக்காய்ட்டி, சஸ்பெக்ட், சஸ்பெக்ட், சஸ்பெக்ட் என்று தேதிகளோடு போனது. பெரியவர் இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருப்பார். எதுவும் தப்பான வார்த்தை இல்லை. நடுவில் ஒரு வரியை ஏட்டு தாண்டினார்.

“அது என்ன?”

“அது தொழிலுங்க. ஒண்ணும் எழுதல. கோடு போட்டிருக்கு.”

“கோடா? பத்து வருஷம் என் ஷெட்டுல வேல பாத்தவரு. உங்க ஜீப்பு மேல இருக்கறது அவரு தச்ச துணி. எழுதுங்க.”

“ஆளே இல்ல. மூடப் போற ஷீட்டுல எதுக்குங்க இனிமே?”

“எழுதுங்க சார்.”

நான் நகரவில்லை என்பதைப் பார்த்து அவர் பேனாவைத் திறந்தார். கொஞ்சம் யோசித்தார். “தார்ப்பாய் தைக்கிறவருக்கு இங்கிலீஷ்ல என்னன்னு எழுதறது?”

“தமிழ்லயே எழுதுங்க.”

எழுதினார். தாளை என் பக்கம் திருப்பச் சொல்லி, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். தார்ப்பாய் தைப்பவர். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஷீட்டை மூட விட்டேன்.